பள்ளத்தில் நின்ற பஸ்

8 ஜூன் 2025
இன்றும் காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். இடது கண்ணில் வெறும் வெளிச்சம்தான் மிச்சம். யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் நான் விழுந்தபோதே மகன் ஜெபகுமார் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா குன்றத்தூருக்கு வந்துடணும்மா. பேச்சே கிடையாது." அவன் பிளாட்டில், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? வடக்குப்பட்டில் இது என் வீடு.

12 ஜூன்
மாடியில் குடியிருக்கும் முத்துச்செல்வி, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக என் மதில்மேல் ஸ்கேலை வைத்து, அதன் ஓரமாகப் போனை நகர்த்தி, கம்பெனி பஸ்ஸை இரண்டு படம் எடுத்தாள். இரு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவுக்குத்தான் போனை நகர்த்த வேண்டுமாம். ஒன்றைச் சிவப்பாக்கி, இன்னொன்றை நீலமாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கலர் கண்ணாடி வழியே பார்த்தால் பஸ் எழுந்து நிற்குமாம். தென்காசிப் பெண். என்னை ஆச்சி என்கிறாள். பாட்டி என்று திருத்தினேன், கேட்கவில்லை.

14 ஜூன்
பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டிக் கண்ணாடி செய்திருந்தாள். விளிம்புகள் சுத்தம். முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். எனக்குத் தெரிந்தது சிவப்பாக, தட்டையாக ஒரு பஸ். "பிரமாதம். பஸ் அப்படியே முன்னால் வந்து நிற்கிறது" என்றேன்.

அடுத்து பக்கத்து வீட்டு ஷாரோன் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி இது, பஸ்ஸு பள்ளத்துல நிக்குது? பின்னாடி கீற மரம் மூஞ்சில இடிக்குது."

முத்துச்செல்வி கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். சிவப்புத்தாளும் நீலத்தாளும் இடம் மாறி ஒட்டியிருந்தன. அதில் யாருக்குமே பஸ் முன்னால் வந்திருக்காது. பிறகு என்னைப் பார்த்தாள்.

15 ஜூன்
ஜெபகுமாரிடம் சொல்லிவிடுவாளோ?

16 ஜூன்
அவளே இறங்கி வந்தாள். "ஆச்சி, எந்தக் கண்ணுல தெரியல?"

என்ன திமிர் — என் வீட்டுலயே இருந்துகிட்டு எனக்கே பரீட்சை வைக்கிறாளா? மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னேன்.

"சரி ஆச்சி. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிட்டு வந்துருங்க." படியேறிப் போய்விட்டாள்.

17 ஜூன்
ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். மாடியில் அவள் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

21 ஜூன்
லேப்டாப்புடன் வந்தாள். கண்ணாடி எதுவும் இல்லை. அதே ஸ்கேலில் சிறிது சிறிதாகப் போனை நகர்த்திப் பல படங்கள் எடுத்து, முன்னும் பின்னுமாக ஓடவிட்டிருந்தாள். பஸ் நிறைய நகர்ந்தது. மரம் கொஞ்சம். அதற்கும் பின்னால் மின்கோபுரம் அசையவே இல்லை. அப்புறம் — இதை எப்படி எழுதுவது — படத்துக்குள் இடம் திறந்தது. பஸ்ஸுக்கும் மரத்துக்கும் நடுவே காற்று. ஓர் ஆள் அங்கே நடந்து போகலாம். என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

"இதுக்கு ஒத்தக் கண்ணு போதும் ஆச்சி."

ஓடும் ரயிலில் எத்தனை முறை பார்த்திருப்பேன், கிட்டத்து மரம் பறப்பதையும் தூரத்து மலை நிற்பதையும். ஆழம் அதற்குள் இருந்திருக்கிறது. எழுபத்து நான்கு வயதில் தெரிகிறது எனக்கு.

காலி செய்ய வேண்டாம் என்றேன். "நான் மூட்டையே கட்டலையே" என்றாள்.

25 ஜூன்
அவளோடு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ரயிலில் கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டதாம். இடது கண் திரும்பாது. வலது கண்ணைக் காக்கத் தினமும் சொட்டு மருந்து. திரும்பியதும் ஜெபகுமாருக்கு நானே போன் செய்தேன். பெட்டியைக் கட்டி வைக்கச் சொன்னான். கட்டவில்லை.

29 ஜூன்
ஜெபகுமார் காரோடு வந்தான். முதலில் ஆராதனை, அதற்கு நடந்துதான் போவேன் என்றேன். பின்னாலேயே வந்தான். ரோட்டோரம் நின்று, அவள் போனை நகர்த்தியதுபோலத் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தேன். டிரெய்லர் லாரி தனியாக விலகியது. அதன் பின்னால் ஆட்டோ, அதற்கும் பின்னால் சைக்கிளில் ஓர் ஆள் — ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் எழுந்து நின்றது. ஆண்டவரே, இத்தனையும் இங்கேயேவா இருந்தது? எல்லாவற்றையும் போகவிட்டுக் கடந்தேன்.

"கழுத்து வலிக்குதாம்மா?"

"இல்லைடா. பார்க்கிறேன்."

மறுபடியும் அசைத்தேன். அவனும் தலையை ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

சாயங்காலம் தனியாகத்தான் குன்றத்தூருக்குத் திரும்பினான்.