ஸ்கந்தபுரத்துச் செம்மண்ணில் ஒரு தேசிய ஓட்டம்

மச்சாள்,

அலுமாரிக்கு மேலே கிடந்த உன்னுடைய ஹெல்மெட்டை நேற்றுப் பின்னேரம் எடுத்தேன். உள்ளே இன்னும் நல்லெண்ணெய் மணக்கிறது. "எண்ணெய்த் தலையோட இதைப் போடாதையடி" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், நீ கேட்டால்தானே! அந்த மணம் மூக்கில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து, அதையே தலையில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

என்ன கூட்டம் என்று கேட்பாய். எங்கள் மோட்டார் ஓட்ட ரசிகர் சங்கக் கூட்டம்தான். தேசிய ஓட்டத்தை எந்த ஓடுபாதையில் வைப்பது என்று இந்த முறை ரசிகர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சங்கமும் ஒரு இடத்தின் பெயரை அனுப்ப வேண்டும். நீ இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய் முன்கதிரையில் குந்தியிருப்பாய். ஸ்கந்தபுரத்துச் செம்மண் வெளியில் நாட்டின் பெரிய ஓட்டம் ஒருதரமாவது நடக்க வேண்டும் என்பதுதானே உன்னுடைய ஒரே பிடிவாதம்.

ஓடுபாதை கீறுவதற்கு அந்த வெளியை அளக்கப் போன நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கண்ணிவெடி எடுத்து, மண்டையோட்டுப் பலகைகளைக் கழற்றி, நிலத்தை ஒப்படைத்து வருடக்கணக்காகியிருந்தது. நடு வெளியில் மாடு மேய்ந்துகொண்டு நின்றது. ஆனாலும் சங்கத்து ஆட்களில் ஒருவருடைய காலும் றோட்டை விட்டு இறங்கவில்லை. அது எங்கள் சனத்தின் காலில் ஊறிய பழக்கம், அதைப் பற்றி யாரும் கதைப்பதுமில்லை. தலைவர் அண்ணையும் றோட்டில் நின்றபடியே நாடாவைப் பிடித்தார். கடைசியில் கடதாசியில் கீறியதைப் பார்த்தால், றோட்டோடு போய் றோட்டோடு திரும்பி வருகிற ஒரு நீட்டுக் கோடு. ஒரு வளைவுகூட இல்லை!

"அண்ணை, இதென்ன மோட்டார் ஓட்டமோ, சாமி ஊர்வலமோ?" என்று கேட்டாய்.

"நீ சும்மா இரு பிள்ளை. உள்ளுக்கு இறங்கி என்னவும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

"அந்த மாடு பொறுப்பு," என்றாய். பிறகு உன் மோட்டார் சைக்கிளை உதைத்து, என் பக்கம் திரும்பி, "ஏறடி!"

ஏறினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உன் இடுப்பைப் பிடித்தேன். வெளி முழுக்கச் சுற்றி வந்து நீ மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது உன் பல்லெல்லாம் செம்மண். "இப்ப விளங்குதோ வளைவு எங்க வரவேணுமெண்டு? தடத்தைப் பாத்துக் கீறுங்கோ," என்றாய். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக இறங்கினார்கள், உன்னுடைய சில்லுத் தடத்தின் மேலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து.

அந்த மாரி மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு காய்ச்சலுக்கு நீ போய்விடுவாய் என்று நான் நினைக்கவேயில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

நேற்றுக் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? உன் தடத்தில் நடந்த அதே ஆட்கள்தான். தெற்கில் இருக்கிற தார்ப் பாதையே நல்லது, அங்கேதான் சனம் இருந்து பார்க்க வசதி என்றார் ஒருவர். வடக்கில்தான் வேண்டுமென்றால் புளியங்குளம் பக்கம் பார்ப்போம், பஸ்ஸாவது ஓடும் என்றார் இன்னொருவர். ஸ்கந்தபுரத்தின் பெயரை நான் சொன்னதும் தலைவர் அண்ணை தலையைச் சொறிந்தார்.

"ஒரே தூசி பிள்ளை. நிழலும் இல்லை. வாறவை எங்களைப் பாத்துச் சிரிப்பினம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழும்பிவிட்டேன். "தூசிக்குத் தண்ணி அடிக்கலாம். நிழலுக்குக் கிடுகால பந்தல் போடலாம். உங்கட வெக்கத்துக்கு என்ன அண்ணை செய்யிறது? எங்கட இடத்தை நாங்களே எழுதாட்டில் வேற ஆர் வந்து எழுதப்போயினம்?"

கை தூக்கச் சொன்னார்கள். தெற்குப் பாதைக்குக் கைகள் மளமளவென்று எழும்பின. ஸ்கந்தபுரம் என்றபோது அங்கொன்றும் இங்கொன்றும்தான். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"ஒராளுக்கு ஒரு கைதான் பிள்ளை."

"தெரியும். மற்றது மச்சாளின்ர."

அவர் எண்ணுவதை நிறுத்தினார். "அவா இல்லையேம்மா. எண்ண ஏலாது."

"எண்ணாதேங்கோ. பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

தோற்றுத்தான் போனோம் மச்சாள். தெற்குப் பாதையின் பெயரைத்தான் எழுதினார்கள். எழுதி முடித்து, கதிரைகளை அடுக்கத் தொடங்கும்வரை நான் கையை இறக்கவில்லை. தோள் இன்னும் நோகிறது. நோகட்டும். அடுத்த முறையும் கேட்பார்கள்தானே, அப்போதும் இரண்டு கையையும் தூக்குவேன்.