நாற்பத்தைந்தாம் எண் மேல் வீடு

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று மாட்டிறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கு மசியலும். பாதிப் பிள்ளைகள் காரட்டை ஒதுக்கிவிட்டார்கள். எனக்குத் தோள்பட்டை கழன்று விழாத குறை. வீடு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கைபேசியில் மின்சாரக் கம்பெனியின் செய்தி. வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகிற தொகை இனி அறுபத்திரண்டு பவுண்டு இல்லையாம். மார்ச் முதல் நூற்று நாற்பத்தெட்டாம். 'உங்களுக்கு ஏற்ற தொகையைக் கணக்கிட்டுள்ளோம்' என்று கீழே ஒரு சிரிக்கிற பொம்மை வேறு.

எனக்கு ஏற்ற தொகை! இவர்களைக் கணக்கிடச் சொன்னது யார்? ஒரு கெட்டில், ஒரு டிவி, சனிக்கிழமை ஒரு தடவை துணி துவைக்கிற இயந்திரம். சமையல்கூடப் பாதி நாள் பள்ளியில் மிஞ்சியதுதான்.

பிப்ரவரி 5, புதன்

கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பாட்டு மனப்பாடம் ஆன பிறகு ஓர் இளைஞன் வந்தான்.

"நீங்க ஜனவரியில அனுப்பின ரீடிங்படி நிறைய கரண்ட் போயிருக்கு மேடம். ஏகப்பட்ட பாக்கி சேர்ந்திருக்கு. வீட்ல எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்."

"நிச்சயமாவா?"

கட்டிலுக்கடியில் ஒரு கால்பந்துக் குழுவையே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் இலையுதிர் காலத்தில் வந்து மாட்டிய ஸ்மார்ட் மீட்டர் இது. எங்கள் தெருவில் அதற்குச் சிக்னல் கிடைக்காது. அதனால் அதன் புத்திசாலித்தனம் பெயரோடு சரி. இத்தனை நாள் அவர்களே ஏதோ ஒரு ரீடிங்கை உத்தேசமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில்தான் நான் பொறுப்பாகப் போய் எண்ணைப் பார்த்து அனுப்பினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பிப்ரவரி 8, சனி

குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தபோது கீழ்வீட்டு வில்ஃப் லெயிட்லர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் காலடிச் சத்தம் அதிகமானால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பவர். இரண்டரை வருடமாக எங்களுக்குள் அதுதான் பேச்சுவார்த்தை. இன்று ஏனோ அவரிடமே புலம்பித் தொலைத்தேன்.

"நூத்தி நாப்பத்தெட்டா! என்னம்மா பண்றே மேல? ரொட்டிக் கடை வச்சிருக்கியா?" என்றார். "என்கிட்ட அஞ்சு மீன்தொட்டி இருக்கு. எல்லாம் சூடான தண்ணியில வாழற ஜாதி. ஹீட்டர், பம்பு, விளக்கு, எல்லாம் ராப்பகலா ஓடுது. நான் கட்டுறது ஐம்பத்தஞ்சு பவுண்டு. சிக்கனம்னா அது ரத்தத்துல இருக்கணும்."

நான் விடுவிடென்று மேலே வந்துவிட்டேன். 

என் கணவனாக இருந்த ரெய்மண்டும் இதைத்தான் சொல்வான். இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதனோடு வாழ்ந்தேன். நான் வாசிக்க உட்கார்ந்தால் பின்னாலேயே வந்து விளக்கை அணைப்பான். குளிர்கிறது என்றால் இன்னொரு சட்டை போடு என்பான். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். இப்போது மறுபடி ஒருவன் என் விளக்கை எண்ணுகிறான்.

பிப்ரவரி 12, புதன்

இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஹார்ட்லிபூலிலிருந்து ஆட்ரி அக்கா போன் செய்தாள். 

"எதுக்குடி இந்தப் பிடிவாதம்? பேசாம இங்க வந்துடு. பின்னறை காலியாத்தான் இருக்கு. உன் அத்தான் பிரையனோட உடற்பயிற்சி சைக்கிளை மட்டும் ஓரமாத் தள்ளிக்கலாம்."

அக்கா நல்லவள். ஆனால் அவள் வீட்டில் தேநீருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பதுகூட அவள் முடிவு. நான் அங்கே போனால் ஐம்பத்தாறு வயதில் மறுபடி தங்கச்சி ஆகிவிடுவேன்.

வீட்டுச் சொந்தக்காரர் மார்ச் முடிவதற்குள் பதில் கேட்கிறார். குத்தகையை இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். பள்ளிச் சம்பளத்தில் வாடகையும் கட்டி, நூற்று நாற்பத்தெட்டும் கட்ட முடியாது. எப்படிக் கூட்டினாலும் முடியாது. இந்தத் தொகை மாறாவிட்டால் சைக்கிளை ஓரமாகத் தள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

நான்காவது போன். இந்த முறை டெனிஸ் என்று ஒருத்தி எடுத்தாள். என் வயதுதான் இருக்கும், இருமல் வேறு. மற்றவர்கள்போல எழுதிவைத்ததை வாசிக்கவில்லை.

"ஒருத்திக்கு இவ்வளவு ஓடாதும்மா. எனக்கே நம்ப முடியல. ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்டு மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போய் மீட்டரைப் பாருங்க. அப்பவும் சிவப்பு விளக்கு மின்னுச்சுன்னா, நீங்க வேற யாருக்கோ கட்டிக்கிட்டிருக்கீங்கன்னு அர்த்தம்."

மார்ச் மாதத்துக்கு மட்டும் பழைய தொகையையே எடுக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். அதற்குள் நிரூபிக்க வேண்டும். முதல்முறையாக ஒருத்தி என்னைப் பொய்க்காரியாகப் பார்க்கவில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதவே கை பரபரக்கிறது.

மதியம் என் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தேன். கீழே இறங்கினேன். எங்கள் இரண்டு வாசலும் பக்கத்தில் பக்கத்தில். இடது கதவு என்னுடையது, நாற்பத்தைந்து, திறந்தால் மாடிப்படி. வலது கதவு வில்ஃபுடையது, நாற்பத்தேழு. திறந்தால் நேராகக் கூடம். நடுவில் சுவரில் மீட்டர் அலமாரி. திறந்து பார்த்தால், 45 என்று ஒட்டியிருந்த மீட்டரில் சிவப்பு விளக்கு பேய் பிடித்ததுபோல் மின்னுகிறது. 47 செத்துக் கிடக்கிறது.

நம்ப முடியாமல் 45க்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சையும் கீழே தள்ளினேன்.

கீழ்வீட்டுக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை. ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கோல் விழுகிற நேரமாம். காலுறையோடு ஓடி வந்தார்.

"யாருய்யா அது கரண்ட்ல கை வச்சது? பம்பு நின்னு போச்சு! மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்!"

"நான்தான். என் மீட்டரை அணைச்சேன்."

"உன் மீட்டரை அணைச்சா என் டிவி ஏன் போகுது?"

கேட்டுவிட்டு அவரே நின்றுவிட்டார். அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அலமாரியைப் பார்த்தார். நான் சுவிட்சைப் போட்டேன். உள்ளே கூட்டம் ஆரவாரம் செய்தது.

"அந்த மீட்டர் மாட்டினவன்," என்றார் மெதுவாக. "தெற்கத்திக்காரன். சின்ன நம்பர் கீழ, பெரிய நம்பர் மேலன்னு நெனச்சு ஒயரை மாத்திட்டுப் போயிருக்கான். நம்ம தெருவுல இடது கதவு மேலதான் போகும்னு பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"ஆமா. அதனால உங்க மீனுங்க இத்தனை நாளா என் காசுல குளிர்காயுதுங்க."

அவர் திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் மேலே வந்து எல்லா விளக்கையும் போட்டேன்!

பிப்ரவரி 25, செவ்வாய்

டெனிஸ் சொன்னது: ஆள் அனுப்புவார்கள், அவர் இரண்டு வீட்டுக்குள்ளும் போய்ச் சோதிக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்தால்தான் ஆகும். அவர் மறுத்தால் இழுத்துக்கொண்டே போகும்.

பிப்ரவரி 27, வியாழன்

கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளிருந்தே குரல்: "இந்த வாரம் முடியாது. மீன் முட்டை போட்டிருக்கு. ஆள் நடமாட்டம் கூடாது."

மீன் முட்டை போட்டிருக்காம்.

மார்ச் 6, வியாழன்

இன்னும் முட்டைதான்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் என் கதவுக்கடியில் ஓர் உறை. உள்ளே நாற்பது பவுண்டு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'மாதாமாதம் தருகிறேன். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம்.'

கோபத்தில் காது அடைத்தது. இறங்கிப் போய்க் கதவை உள்ளங்கையால் அறைந்தேன். திறந்தார். முதல்முறையாக அந்தக் கூடத்தைப் பார்த்தேன். சுவர் முழுக்க நீல வெளிச்சம். தட்டு அளவு பெரிய மீன்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாக, அவசரமே இல்லாமல் திரும்புகின்றன. அழகாக இருந்தது, அதுவும் எனக்கு எரிச்சல்.

"எனக்கு உங்க காசு வேண்டாம். என் பேர்ல நிக்கிற பாக்கி போகணும். ஒரே ஒரு நாள் கதவைத் திறந்து விடுங்க, போதும்."

"விட்டா? பழசையெல்லாம் சேர்த்து என் தலையில கட்டுவாங்க. என் பென்ஷன் என்னன்னு உனக்குத் தெரியுமா? இதுங்களை எல்லாம் வித்தாலும் அடையாது." கையிலிருந்த வலைக்கரண்டியைத் தொட்டி ஓரத்தில் வைத்தார். "ஏமாத்தணும்னு நான் நெனச்சதில்லம்மா. நான் நெசமாவே என்னை சிக்கனமானவன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

திட்டுவதற்காக வந்தவள் நான். அந்த மனிதர் இப்படிப் பேசினால் எப்படித் திட்டுவது? "நான் இந்த மாசக் கடைசியில காலி பண்ண வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னேன். நாற்பது பவுண்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

வேலை முடிந்து, பில், கடன் தகராறுகளுக்கு இலவசமாக வழி சொல்லும் ஆலோசனை மையத்துக்குப் போனேன். என் விஷயத்தைக் கேட்கத்தான் போனேன். கேட்டது பாதி வில்ஃபுக்காக. அங்கிருந்த பெண்மணி சொன்னார்: கம்பெனியின் பிழை என்றால் ஒரு வருடத்துக்கு முந்தையதை அவரிடம் கேட்க முடியாது. அந்த ஒரு வருடத்தையும் சிறுகச் சிறுகக் கட்டலாம். வில்ஃப் நேரில் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனியோடு பேசித் தருவாராம்.

வில்ஃபின் கதவு வழியாகவே எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். தெருவே கேட்டிருக்கும்.

மார்ச் 15, சனி

இன்று என் படிக்கட்டில் ஒரு சத்தம். ஒரு படி, ஒரு முனகல், ஒரு படி, ஒரு கெட்ட வார்த்தை. வில்ஃபுக்கு இரண்டு முழங்காலும் கெட்டுப்போனவை. மேலே வந்ததும் கேட்காமலே நாற்காலியில் விழுந்தார்.

"நேத்து அந்த மையத்துக்குப் போனேன். நீ சொன்னதையேதான் அந்தப் பொம்பளையும் சொல்லுது."

"அப்ப?"

"நீ காலி பண்ணினா இங்க யார் வருவா? டிரம் அடிக்கிற பையன் வருவான். இல்ல, நாய் மூணு வச்சிருக்கிறவன் வருவான். தெரியாத தேவதைக்குத் தெரிஞ்ச பிசாசே மேல்."

"நான் பிசாசா?"

"நீ மேல நடக்கிறது அப்படித்தான் இருக்கு." தேநீரை வாங்கிக்கொண்டார். "அந்த ஆளை வரச் சொல்லு. முட்டை எல்லாம் பொரிஞ்சாச்சு." அப்புறம் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "சிக்கனம் ரத்தத்துல இருக்கணும்னு சொன்னேன்ல, அதை மட்டும் மறந்துடு" என்றார்.

மறக்கமாட்டேன் என்றேன். சிரித்துவிட்டார். பீஸ் புட்டிங் என்ற பட்டாணி மசியலைத் தடவி ஹாம் வைத்த ரொட்டியை இரண்டு துண்டு தின்றுவிட்டு, வந்தபடியே திட்டிக்கொண்டே இறங்கினார்.

மார்ச் 20, வியாழன்

ஆள் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினார். "மாறித்தான் இருக்கு" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு இத்தனை நாள்.

மார்ச் 28, வெள்ளி

கம்பெனி இன்னும் எழுத்தில் தரவில்லை. ஆனாலும் குத்தகையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம். அக்காவிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றாள். உண்மையிலேயே என் இஷ்டம்தான் அக்கா.

ஏப்ரல் 11, வெள்ளி

பாக்கி ரத்து. அதிகமாக எடுத்தது திரும்பி வரும். இனி மாதம் ஐம்பத்தாறு பவுண்டு! டெனிஸ் தானே போன் செய்து சொன்னாள். இருமல் குறைந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டுக் கம்பெனி தனியாக நாற்பது பவுண்டு தருகிறதாம். மன்னிப்பின் விலை நாற்பது. சரி, வாங்கிக்கொள்கிறேன்.

வில்ஃபுக்கு நூற்று இருபத்திரண்டு. போன வருடத்தது தனியாக, மாதம் பத்துப் பத்தாக. நான் ஜெயித்தேன் என்று துள்ளிக் குதிக்கத் தோன்றியது. கீழே அவர் கேட்பார் என்று குதிக்கவில்லை.

மே 10, சனி

டர்ஹமிலிருந்து ஒருவன் வேனோடு வந்து மூன்று தொட்டிகளை வாங்கிப் போனான். வில்ஃப் வாசலில் நின்று ஒவ்வொரு மீனைப் பற்றியும் அவனுக்குச் சொன்னார்: இது கூச்சக்காரி, இதுக்குக் காலையில தீனி வைக்காதே. வேன் திரும்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தார். மீதி இரண்டில் பெரியது வில்ஃப் தனக்கு வைத்துக்கொண்டது; சிறியதை அவன் எடுக்கவில்லை. அதில் ஒரே மீன், துடுப்பு கிழிந்தது. விலைபோகாது என்றானாம்.

"ரெண்டு தொட்டிக்குச் செலவு தாங்காது," என்றார். "அந்தப் பெருசுல இதை விட்டா மத்ததுங்க கடிச்சே கொன்னுடும்."

நான் யோசிக்கவே இல்லை. "மேல கொண்டாங்க" என்றேன்.

"உனக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. வந்து சொல்லிக் குடுங்க. முழங்கால் வலிச்சா கீழ இருந்தே கத்துங்க."

ஜூன் 2, திங்கள்

மாலையில் கம்பெனிக்குப் போன் செய்து டெனிஸையே கேட்டுப் பேசினேன். என் மாதத் தொகையை மாற்ற வேண்டும் என்றேன்.

"ஐயோ, மறுபடி ஏதாவது தப்பா? எவ்வளவு குறைக்கணும்?"

"குறைக்க வேண்டாம். கூட்டணும்."

மறுமுனையில் அவள் விசைப்பலகையைத் தட்டுவது நின்றது. 

"இந்த வேலைக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு நோரீன்," என்றாள். "இப்படி யாருமே கேட்டதில்ல. எதுக்கு?"

"மீன் ஒண்ணு வளர்க்கிறேன். தண்ணி சூடா இருக்கணும் அதுக்கு."

"சரி. எவ்வளவு கூட்டட்டும்?"

தொட்டியைப் பார்த்தேன். கிழிந்த துடுப்பை விசிறிக்கொண்டு கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. கூடத்தில் நீல விளக்கு, சமையலறையில் ஒரு விளக்கு, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று.

பன்னிரண்டு பவுண்டு என்றேன். தொகையை நான்தான் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.