சிவப்பு மையில் அடித்த வரி

பிப்ரவரி 12

அன்புக் குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வயிற்றில் இருப்பவரும் நலம்தானே? இங்கே சுகாதார அலுவலகத்தில் சாப்பிடக்கூட நேரமில்லை. உடலுறவால் பரவும் அந்தப் புது நோய் நகரத்தில் நூறு பேரைத் தாண்டிவிட்டது. வருகிறவர்களிடம் யாரோடெல்லாம் பழகினீர்கள் என்று கேட்டு, அவர்களுக்கு எச்சரிக்கை அட்டை அனுப்புகிறோம். உறைமேல் விலாசம் மட்டும், உள்ளே எண் மட்டும். அந்த எண் யாருடையது என்று எனக்கே தெரியாது, எழுத்தர் பூட்டி வைத்திருக்கிறார். கட்டின மனைவி கேட்டாலும் சொல்லக்கூடாது. அந்த விதியை எழுதியவளே நான்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. ஒரு பெயர் வெளியே போனால் அப்புறம் யாரும் நம்மிடம் உண்மை பேச மாட்டார்கள்.

அட்டையின் வாசகம் கரடுமுரடாக இருக்கிறது. அனுப்புகிறேன், வழக்கம்போல் திருத்திக் கொடு.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்தாம் மாதம். உதைக்க ஆரம்பித்தாயிற்று, பெரியம்மாவின் குணம்.

அட்டை வந்தது. 'குட்டி, பார்' என்று ஒரு வரி எழுதக்கூட உனக்கு நேரமில்லையா? மாதிரிக்கு 212 என்று எண் வேறு போட்டிருக்கிறாய். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் கை சும்மா இருக்குமா? திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். 'மனைவி கர்ப்பமாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்' என்ற வரியை அடித்துவிட்டேன். இப்படிப் பயமுறுத்தினால் யார் வருவார்கள்?

லாரியிலிருந்து இறங்கி வந்த உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். "உங்க அக்காவுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

குட்டி

மார்ச் 8

என் குட்டிக்கு,

உன் சிவப்பு மை அட்டை கிடைத்தது. முதலில் வேறொன்று எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். ரத்தப் பரிசோதனை, அரை மணி நேரம்தான். ஏன் என்று மட்டும் கேட்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அக்கா. எங்கள் டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். "மறுபடியும் எதுக்கு ஊசி குத்திக்கணும்?" என்கிறார் இவர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

குட்டி

மார்ச் 20

குட்டி,

வழக்கமான சோதனையில் இந்த நோய் தெரியாது. அதை மட்டும் சொல்ல எனக்கு அனுமதி உண்டு. மேலதிகாரியிடம் போய் நின்றேன். "நீங்க எழுதின விதிதானே மேடம்" என்றார்.

வா, குட்டி. தனியாகவாவது வா.

அக்கா

ஜூன் 2

அக்கா,

பெண் குழந்தை. எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். அழவே இல்லை. இரண்டு மாதம் முன்பே ஊசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எனக்கு இப்போது போடுகிறார்கள்.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் திருத்தியது நீ அனுப்ப நினைத்த மாதிரி இல்லை, அவருக்கு வந்த அட்டை. நீ லாரி நிறுத்தும் இடத்துக்கே போய் அவர் கையைப் பிடித்து அழுதாயாம். "நானே சொல்றேன், கொஞ்சம் டைம் குடுங்க" என்றாராம். அவருக்கு நேரம் கொடுத்தாய்.

உன் விதி எனக்குப் புரிகிறது. உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனால் நீ விதி எழுதும்போது நான் யாரோ. அட்டை திரும்பி வந்தபோது உன் தங்கை. அந்தத் தாளைக் கிழிக்காமல் அனுப்பியிருந்தால், உன் வேலை போயிருக்கும். அவ்வளவுதானே?

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அவள் பிழைக்க இருந்த ஒரே வரியை அடித்தது என் கை.

அந்த வரியை மறுபடி சேர்த்துவிடு. அப்படியே இருக்கட்டும், அதில் பிழை ஒன்றுமில்லை. இனி எனக்கு எதுவும் அனுப்பாதே.

212-இன் மனைவி