பின்கமானில் ஒரு பட்டை அதிகம்

பரமத்தி வேலூர்,
திங்கட்கிழமை மதியம்.

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். என் வலது தோளில் சீட் பெல்ட் அழுத்திய தடம் மஞ்சளாகி மறைந்துகொண்டு வருகிறது, வேறொன்றுமில்லை. உன் உடம்பும் அந்தக் கனடாக் காற்றில் கெடாமல் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எழுது. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். சொன்னால் பாதியிலேயே நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து மழை பெய்ததா என்று கேட்பேன். அதனால் காகிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டியை விலைக்குக் கொடுக்கப் போவதில்லை. நீ அனுப்பிய கோயமுத்தூர்க்காரர் நேற்று வந்தார், பார்த்தார், வந்த மாதிரியே திரும்பிப் போனார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பழைய கார்கள் வரிசையாக ஏறுகின்றன. நம்முடையதும் ஏறும். நான் ஓட்டுகிறேன். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் மீதிக் கடிதம்.

நீ கடைசியாகப் பார்த்தபோது அது வண்டியாகவே இல்லை. எருமப்பட்டித் தோட்டத்தில் தகரத்துக்கு அடியில் கிடந்த ஸ்பிட்ஃபயர், இரண்டே பேர் உட்காரும் கூரையில்லாத இங்கிலீஷ் கார், டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நீயும் நானும்தான் போய் வாங்கினோம். அப்பா வாசலில் நின்று, "அம்மாவும் மவனும் சேந்து பேரீச்சம்பழத்துக்குப் போடவா இதத் தூக்கிட்டு வந்தீங்க" என்றார். லாரிக்கு பாடி கட்டுகிற நம் நாமக்கல் பட்டறையின் பின்மூலையில் வைத்து ஞாயிறு ஞாயிறாகத் துரு சுரண்டினோம். பிறகு நீ விமானம் ஏறினாய். "நான் வந்ததும் சேந்து முடிக்கலாம்மா, அதுவரைக்கும் தொடாதீங்க" என்றாய். தொடவில்லை. முதல் வருடம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, அதைச் சுற்றிக்கொண்டுதான் தினமும் ஆபீஸ் அறைக்குப் போனேன். இரண்டாம் வருடம் வருகிறேன் என்றாய், வேலை மாறியது. மூன்றாம் வருடம் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை கண்ணு. நீ அங்கே இருப்பது உன் வாழ்க்கை. காத்துக்கொண்டிருப்பது என் வாழ்க்கையாக வேண்டுமா என்று மட்டும் ஒருநாள் தோன்றியது. தார்ப்பாயை உருவினேன்.

நீ அசல், அசல் என்பாய், கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும் என்பாய். அசலில் என் கால் கிளட்ச்சைத் தொடாது. உயரமான யாரோ ஒருவனுக்காகச் செய்த வண்டி. சீட்டின் அடிச்சட்டத்தை முன்னால் நகர்த்தி வெல்டு வைத்தோம், பெடலின் மேல் ஒரு கட்டை. நம் வெயிலுக்கு அந்த ரேடியேட்டர் ஆகாது, எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தோம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர். சேலத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்சக்கரக் கைகள் கிடைத்தன, அப்படியே பொருந்தின, நீ போன புதிதில் பார்சலில் அனுப்பிய ரப்பர் புஷ்கள் அவற்றில்தான் இருக்கின்றன. நீ ஆசைப்பட்ட சிவப்பு அடிக்கவில்லை. வெற்றிலைப் பச்சை. பெயிண்டர் கூச்சத்தோடு, "பொறத்தால ரெண்டு கண்ணு வரஞ்சு ஒலி எழுப்புன்னு எழுதட்டுங்களா" என்று கேட்டார். வேண்டாமென்றதும் முகம் வாடிவிட்டது, நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கிளி போட்டுக்கொள்ள விட்டேன். ஒவ்வொன்றையும் அறுக்கும்போது உன் குரல் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் அறுக்கச் சொன்னேன்.

தப்பு இதில் எதுவும் இல்லை. தப்பு பின்கமானில். பட்டை பட்டையாக அடுக்கிய அந்த வில், லாரிக்கு ஆளுயரம் இருக்கும், இதற்கு இரண்டரை முழ நீளத்தில் மெலிசாக, இரண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்கே ஒன்றே ஒன்று. நம் பட்டறைக்கு எப்போதும் கமான் வேலை செய்கிற மாதையன் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். "ஏனுங்கக்கா, இந்த நோஞ்சான் ஒரு மூட்டைக் கோழித் தீவனங்கூடத் தாங்காதுங்களே, ஒரு பட்டை சேத்துப் போட்டுடறேனுங்க" என்றான். நான் சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பத்து டன் என்று எழுதிக்கொடுத்தால் பதினைந்து ஏற்றுவார்கள் என்று தெரிந்தே கட்டுகிற ஊர் இது. பட்டை சேர்ப்பது எங்களுக்குப் பாசம் மாதிரி, யாரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பேரையும் ஒரு டிபன் டப்பாவையும் தவிர எதையும் சுமக்காத வண்டி. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சேவல் மாதிரி நின்றது. அழகாயிருக்கிறது என்று எல்லோருமே சொன்னோம்.

மோகனூர் ரோட்டில் வாய்க்கால் வளைகிற இடம் உனக்குத் தெரியும். அங்கே வலப்பக்கம் திருப்பினேன். முன்பக்கம் திரும்புவதற்குள் பின்பக்கம் திரும்பிவிட்டது. வானம், வாழை, ரோடு, வாழை. பிறகு சத்தமே இல்லை. வந்த வழியைப் பார்த்தபடி தோப்புக்குள் நின்றிருந்தேன், பானெட் மேல் ஒரு வாழைத்தார். தோப்புக்காரி சின்னாயி அரிவாளோடு ஓடி வந்து, "ஐயோ சாமி, அடிகிடி பட்டுதா" என்று என் தலையைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு குரல் மாறியது. "கொலை தள்ளுன மரம் ரெண்டப் படுக்கப் போட்டுட்டியே, காரோட்டிப் பழக எந்தோட்டந்தான் கெடச்சுதா" என்று ஆரம்பித்தவள், நடுவில் நிறுத்தி, "ஊட்டுல சொல்லிட்டுத்தான் வந்தியா" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் பயம் வந்தது. அதை மறைக்கவில்லை. நான் செத்திருக்கலாம். எதிரில் ஒரு பஸ் வந்திருந்தால் இன்னும் சிலர்.

அப்பா அன்றே உனக்குச் சொல்லிவிட்டார். நீ போன் பண்ணி, "போதும்மா, அது சும்மா நிக்கிற வண்டி, ஓட்டற வண்டியில்ல" என்றாய். உன் குரலில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வாக்கியம் எனக்கு ஆகவில்லை. மறுநாள் காலை வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம். இரண்டு சக்கரங்களும் நேராக நிற்கவில்லை. அடி உள்ளே, தலை வெளியே. பின்பக்கம் உயர உயர அவை அப்படி மடங்கும், மடங்கினால் வளைவில் டயரின் ஓரம்தான் ரோட்டில் படும். வண்டி என்னைத் தள்ளவில்லை. நாங்கள்தான் அதை நுனிக்காலில் நிற்க வைத்திருந்தோம். மாதையனைக் கூப்பிட்டு அந்தப் பட்டையைக் கழற்று என்றேன். "கழட்டுனா உக்காந்துருமுங்கக்கா" என்றான். உட்காரட்டும், இன்னும் தாழ வேண்டும், கமானுக்கும் அதற்கு அடியில் இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டிக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டை வை என்றேன். அவன் பதறிவிட்டான். லாரியில் கட்டை வைத்தால் வண்டி உயரும். இதில் கமான் பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, கட்டை வைத்தால் கமானோடு சக்கரமும் உயரும், வண்டி இறங்கும். இதைப் புரியவைக்கத் துடைப்பக்குச்சியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அரைநாள் சண்டை போட்டோம். கடைசியில், "எனக்கு இன்னும் ஒப்பலைங்க, ஆனாச் சொல்றீங்க, வெக்கறேன்" என்று வைத்தான். வண்டி இரண்டு விரல் தாழ்ந்தது. சக்கரங்கள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டன. மாதையன் குனிந்து பார்த்துவிட்டுப் போய் டீ சொன்னான், எனக்கும் சேர்த்து.

அதே வளைவுக்குப் போனேன். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் வேகமாக. சின்னாயி தோப்பு ஓரத்தில் மீதி மரங்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "இந்தப் பக்கம் வராத சாமி, அந்தப் பக்கமே போ" என்று கத்தினாள். போனேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. எத்தனை தடவை போய்வந்தேன் என்று எண்ணவில்லை, அவளுக்கே சலித்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் உன் கோயமுத்தூர்க்காரர். நல்ல மனிதர், மரியாதையானவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, "அசல் போயிடுச்சுங்களே மேடம்" என்று வருத்தப்பட்டார். இருந்தாலும் எடுத்துக்கொள்வாராம், எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கண்ணாடி அறையில் வைப்பாராம். ஓட்டுவீர்களா என்று கேட்டேன். "இதையெல்லாம் ஆராவது ஓட்டுவாங்களா" என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்பா அவரை வாசல் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து வெகுநேரம் சக்கரத்தைக் காலால் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "ஏற்காட்டுக்கு நான் லாரிய எடுத்துட்டு இழுவைச் சங்கிலியோட பொறத்தாலயே வாரேன்" என்றார். உன் அப்பாவுக்குத் தெரிந்த சம்மதம் அவ்வளவுதான். நான் அதற்கும் முடியாது என்றேன். பின்னால் வந்தால் நான் ரோட்டைப் பார்க்க மாட்டேன், கண்ணாடியைத்தான் பார்ப்பேன். முன்னால் போய் மேலே நில்லுங்கள், வந்து சேருகிறேன் என்றேன். "ஏம்புள்ள, வராட்டி?" என்றார். வராவிட்டால் இறங்கி வாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இன்று காலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று தெரியவில்லை.

வேறு சேதி, சித்தி மகள் சரிதாவுக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம், நீ ஒரு போன் பண்ணு, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. அங்கே குளிருக்கு முன்னால் உன் கார் டயரைப் பனி டயராக மாற்றிவிடு, போன வருடம் மாதிரி கடைசி நேரம் வரை விடாதே. ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. அசலைக் கெடுத்துவிட்டேன் என்று உனக்கு என்மேல் வருத்தம் இருந்தால் இரண்டு பக்கம் எழுது, படிக்கிறேன். மாற்ற மாட்டேன். உன்னோடு சேர்ந்து முடிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை இருந்தது, அது நடக்கவில்லை, வண்டி முடிந்துவிட்டது. இடப்பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. அது உனக்காகக் காத்திருக்கவில்லை, காலியாக இருக்கிறது. வரும்போது வா, ஏறிக்கொள்ளலாம்.

நோய்நொடி இல்லாமல், நினைத்த வேலை கூடி, மனசு நிறைந்து நல்லா இரு சாமி. ஒன்று மட்டும் மறக்காதே. ஏற்காடு ஏறுகிற அந்த ஞாயிறு காலை இங்கே விடியும்போது உனக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி, தூக்கம் வராது, போன் பண்ணத்தான் தோன்றும். பண்ணாதே. நான் எடுக்க மாட்டேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்புச்செல்வி