ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு

அக்டோபர் 9

கீழ்வீட்டு வாண்டுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். டெங்குதான் என்று இன்று ரிப்போர்ட் வந்துவிட்டது. என் பாப்பா தினமும் அவளோடுதான் விளையாடுவாள். திக்கென்றது. எல்லாம் அவர்கள் வாசலில் இருக்கும் தண்ணீர் டிரம்மால்தான் — வாண்டின் அம்மா, அந்த அக்கா, எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம் விடு" என்பவர். பெயர் சொல்லாமல் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டேன். தப்பா? குழந்தை இருக்கிற வீடு, வேற என்ன செய்ய?

அக்டோபர் 10

கொசு ஒழிப்புக்கு ஒரு பெண் வந்தார். டிரம் துணி கட்டி, மூடி போட்டு, பளிச்சென்று இருந்தது. "எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலையே போயிரும்க்கா" என்று சிரித்தார். பிறகு மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் வலையைக் காட்டினேன், பாப்பாவின் கொசுவலையைக் காட்டினேன். எதையும் பார்க்காமல் நேராக ஃப்ரிட்ஜை இழுத்து, பின்னால் டார்ச் அடித்தார். கீழே ஒரு தட்டு. வடிந்து தேங்கிய தண்ணீர். அதில் நெளிந்துகொண்டு —

"எத்தனை நாளா இதக் கழுவலம்மா?"

அங்கே தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. விலங்கியல் படித்தவள் நான். கொசுவின் நான்கு பருவங்களையும் வண்ணப் பென்சிலில் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவள்.

"இது பகல்ல கடிக்கிற கொசு. ரொம்ப தூரம் போகாது. ஆனா கீழ்வீடு வரைக்கும் தாராளமாப் போகும்."

அக்டோபர் 11

வாண்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிளேட்லெட் இறங்குகிறதாம்.

அக்டோபர் 12

கொசு பெரும்பாலும் நோயோடு பிறப்பதில்லை. நோயாளி ஒருவரைக் கடித்தால்தான் அதற்கு வரும். அப்படியானால் என் வீட்டுக் கொசு யாரைக் கடித்தது?

பாத்திரம் கழுவும்போது உறைத்தது. போன மாதம் வெளியூர் போய் வந்த இவருக்கு நாலு நாள் காய்ச்சல். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று பகலெல்லாம் ஹாலில் படுத்துக் கிடந்தார். ரத்தம் பார்க்கவில்லை, மாத்திரையில் விட்டுவிட்டது. கொசுவலை பாப்பாவுக்கு, அதுவும் ராத்திரி மட்டும். பகலில் வலைக்குள் இருந்திருக்க வேண்டியவர் இவர்! விரல்விட்டு எண்ணினேன். இவரைக் கடித்த கொசு நோயைக் கடத்தப் பத்து நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் ஐந்தாறு நாள். வாண்டு எங்கள் ஹாலில் விளையாடிய நாட்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

இவரிடம் சொன்னேன். "உன்னால நிரூபிக்க முடியுமா? பேசாம இரு."

முடியாதுதான். ஆனா பேசாம எப்படி இருக்கிறது?

அக்டோபர் 14

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். தட்டு, இவர் காய்ச்சல், புகார், எல்லாம்.

"புகார் குடுத்தது நீதானா?" அதை மட்டும் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 15

பிளேட்லெட் ஏறுகிறதாம். இவர்தான் போய்க் கேட்டு வந்தார். எனக்குப் போக முகமில்லை.

அக்டோபர் 20

வாண்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. இன்று காலை அக்கா படியேறி வந்தார்.

"எனக்கு லீவு தீந்துபோச்சு. மதியம் வரைக்கும் அவகூட இரு. பயந்து பயந்து பாத்துக்க உன்ன விட்டா ஆள் ஏது?"

போனேன். வாண்டு இளைத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தாள்.

"ஆன்ட்டி, அங்கிளக் கடிச்ச கொசுதான் என்னையும் கடிச்சுதா? அம்மா சொன்னாங்க."

"இருக்கலாம்டா."

"அப்ப அங்கிள ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

"போயிருக்கணும்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.