குடை பிடித்த புழு

அன்பு மகளே,

நேற்று போனில் நீ கேட்டபோது அப்பா சுகம் என்றுதான் சொன்னேன்.

இன்று காலை அவரோடு ஓடைக்கரையில் நடந்தேன். முப்பது வருடம் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுத்த கண்ணல்லவா? கழற்றிய தோலையே வாலில் குடையாகப் பிடித்திருந்த ஒரு புழுவைக் கொடியிலையில் பார்த்துவிட்டார். குனிந்து கால்களை எண்ணினார். "ஆறுதான். அப்போ வண்டோட புழு!" என்று சிரித்தார்.

பெயர்தான் வரவில்லை. நெற்றியைத் தட்டித் தட்டி யோசித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆமை வண்டுங்க," என்றேன்.

"அட, சரியா சொல்றீங்களே! யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்படியா? அவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, நிறைய பேசலாம்."

சரி என்று தலையாட்டினேன். நான் எங்கேயடி போய்க் கூட்டிவருவேன்?

உன் அம்மா