காலை மிதித்தால் பெரட்டு

என் ஆசைத் தம்பி மாரிமுத்துவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, கோபிக்காதே. ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது. ஆனாலும் அண்ணன் எழுதிவிட்டேன், பார்த்தாயா? நாம் இருவரும் அப்போதே படித்திருந்தால் எவ்வளவு பேசியிருக்கலாம்?

தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து நின்ற பிறகு, கொட்டகலையில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் தூக்குகிறேன். பதினாலு சின்னப் பிள்ளைகள். எல்லாம் உன்னைப் போலக் காது கேளாதவர்கள். டீச்சர் பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்து, கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து காட்டி, பலகையில் பெரிதாக எழுதுவார். ஜன்னலுக்கு வெளியே வாளியோடு நின்று நானும் வாயைத் திறந்தேன். அப்படித்தான் எழுத்து வந்தது.

எனக்குப் பொறாமை, தம்பி. அவர்களுக்கு மத்தியானம் பணிஸ் ரொட்டியும் பாலும். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சிலேட்டு. உன் பெயரை யார் எழுதினார்கள்? காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி வேலைக்கு ஆள் கூப்பிடும்போது கங்காணி உன்னை “ஊமையன்” என்பார். அதுவும் உனக்குக் கேட்காது. நான் உன் காலை மிதிப்பேன், நீ கையைத் தூக்குவாய். பிறகு வீட்டிலும், ஒரு காலால் மறு காலை மிதித்தால் பெரட்டு என்று நமக்குள் ஆகிவிட்டது.

போன வாரம் பார்வதி என்கிற பத்து வயதுப் பிள்ளை மற்றவர்களை வரிசையாக நிறுத்தி, தானும் கடைசியில் நின்று அழுதாள்.

“பஸ்ஸுக்கு நிக்கிறியா? கோயிலுக்கா?” என்றார் டீச்சர். பிள்ளை இல்லை இல்லை என்று தலையாட்டியது.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அது பெரட்டு. அவளை வேலைக்குப் பதியப் போகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வயதில்தானே நீயும் போனாய்? உனக்குக் கிடைக்காத சிலேட்டு இவளுக்கு மட்டும் எதற்கு? இரண்டு நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் சிலேட்டைத் துடைத்து டீச்சரின் மேசையில் திருப்பி வைத்தாள். பார்க்க முடியவில்லை. உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன்.

“தெரிஞ்சுமா ரெண்டு நாள் சும்மா இருந்தீங்க, தாத்தா?”

“பொறாமைங்க, டீச்சர்.”

அன்று பின்னேரமே அவர் என்னோடு பார்வதியின் லயத்து வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “பேசாத புள்ள படிச்சி என்னாங்க பண்ணப் போவுது?” என்றாள்.

“என் தம்பியும் பேசாதவன்தாம்மா. முப்பது வருசம் பெரட்டுல நின்னான். அவன் பேரு அவனுக்கே தெரியாம செத்துப் போனான்” என்றேன்.

அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை பார்வதி பள்ளிக்கூடம் வந்தாள். “உங்க தம்பி பெரட்ட எப்படிக் காட்டுவாருங்க?” என்று டீச்சர் கேட்டார். காட்டினேன். பதினாலு பேரும் தங்கள் காலைத் தாங்களே மிதித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நமக்கு மட்டும் இருந்த பேச்சு அல்லவா? ஆனால் சிரிப்பும் வந்தது.

டீச்சர் தினமும் உன் சைகைகளைக் கேட்கிறார். கொழுந்து, அட்டைப்பூச்சி, மழை எல்லாம் கொடுத்துவிட்டேன். ‘அண்ணன்’ என்பதற்கு உன் காதைத் தொட்டுவிட்டு என்னைக் காட்டுவாயே, அதையும் கேட்டார். மறந்துபோச்சுங்க என்று சொல்லிவிட்டேன். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த அண்ணன்,
ராமசாமி